கல்முனைக்கு ஓர் உடையாரைத் தேடிப் போன கதை

என் மனைவி சுகந்தி ஒரு சரித்திரப் பேராசிரியை. வெள்ளைக்காரன் நம்மை எப்படி ஆண்டான் என்பதுதான் அவளுடைய பாடம். எனக்குக் கண்டியில் மூக்குக்கண்ணாடிக் கடை. அவள் பழைய கையெழுத்துகளைப் படித்துப் படித்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கண்ணாடியை மாற்றுவாள், அதற்குக் காசும் தரமாட்டாள். ஆகவே எங்கள் வீட்டில் சாம்ராஜ்யத்தால் நட்டப்பட்ட கடைசி ஆள் நான்தான்.

சரித்திர ஆசிரியையைக் கட்டினால் வீட்டில் செத்தவர்களோடும் குடித்தனம் நடத்த வேண்டும். சோற்றுக்கு உட்காரும்போது, "இந்த மனுசன் பச்சைப் பொய் சொல்றான் அப்பா" என்பாள், அப்பா என்றால் நான். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்தால், நூறு வருடத்துக்கு முன் மட்டக்களப்பில் அரசாங்க அதிபராக இருந்த ஒரு துரையாக இருக்கும். அந்த ஆளின் நாட்குறிப்புகளை இலண்டனில் போய்ப் படித்து, கட்டுக் கட்டாகப் பிரதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவை எங்கள் சாப்பாட்டு மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டு பல வருடம் ஆகிறது.

அந்த நாட்குறிப்பில் ஓர் உடையார் வருகிறார். உடையார் என்றால் வெள்ளைக்காரன் ஊர்களை ஆள வைத்திருந்த உள்ளூர்த் தலைமைக்காரர். இவர் கல்முனைப் பக்கத்து முஸ்லிம். துரைக்கு வரி தண்டிக் கொடுத்தார், வழிக்கு வண்டி மாடு கொடுத்தார், தான் குடியிருந்த வீட்டு வளவில் இருந்த எட்டுப் பட்டைக் கிணற்றின் நல்ல தண்ணீரும் கொடுத்தார். பிறகு கொள்ளைநோய் வந்து அவருடைய ஆண்பிள்ளைகள் செத்துப்போனார்கள். கொஞ்ச நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார். அவருடைய வம்சம் அற்றுப்போனதாக எழுதிவிட்டு, துரை அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சுகந்தியின் புத்தகத்தின் கடைசி அதிகாரம் இந்த உடையார்தான். சாம்ராஜ்யம் ஒரு குடும்பத்தைச் சக்கையாகப் பிழிந்து துப்பியது என்று அதை முடித்திருந்தாள்.

புத்தகத்துக்கு உடையாரின் கல்லறைப் படம் ஒன்று வேண்டும் என்றாள். முன்பும் இரண்டு தடவை புறப்படப் பார்த்தவள்தான். ஒரு தடவை சுனாமி வந்தது. அடுத்த தடவை மறுபடி சண்டை மூண்டது. யுத்தம் முடிந்து ஒரு வருடம் கழித்து, 2010 ஜூலையில், "இப்ப போகாட்டி நான் கிழவியாகிப் போயிடுவன்" என்றாள். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு எங்கள் பழைய காரில் கிளம்பினோம்.

கண்டியிலிருந்து விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டோம். தூரம் ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர். ஹுன்னஸ்கிரிய தாண்டியதும் மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுகள் வரும். சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள், நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கீழே இறங்கினால் மலைக் குளிர் போய், வறண்ட கச்சான் காற்று நெருப்பாக முகத்தில் அடிக்கிறது. மகா ஓயாவில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு, எங்களுக்கு அன்று அவை தேவைப்படவில்லை. அம்பாறை வரும் வழியில் தெருவோரத்தில் எருமைத் தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை வாங்கி, கித்துள் பாகான பாணி விட்டு, காருக்குள்ளேயே இருவரும் சாப்பிட்டு முடித்தோம். இதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

சோதனைச் சாவடிகள் குறைந்திருந்தாலும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஒன்றில் மறித்த இளம் சிப்பாய், கல்முனையில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். செத்து நூறு வருடத்துக்கு மேலான ஒருவரை என்று சுகந்தி உள்ளதை உள்ளபடி சொன்னாள். அந்தப் பையன் யோசித்துவிட்டு, அவர் எங்கும் போய்விட மாட்டார், ஆகவே மெதுவாகவே ஓட்டுங்கள் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

சம்மாந்துறை தாண்டி, இரண்டு பக்கமும் வயல் பார்த்துக்கொண்டே போனால் காரைதீவுச் சந்தி. அங்கே கரையோரப் பெருந்தெருவில் ஏறி இடப்பக்கம் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு கல்முனை வரை ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கோயில் மணி ஒரு பக்கம், பாங்குச் சத்தம் மறுபக்கம், நடுவில் துணிக்கடை, மீன்கடை, சைக்கிள், ஆடு. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இருபத்தைந்து வருடமாக வரைபடத்தில் மட்டும் பார்த்த பெயர்ப்பலகைகளைச் சுகந்தி ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டு வந்தாள். ஒன்றரை மணிக்குக் கல்முனையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாவுக்கு ஓர் அறை எடுத்தோம். மின்விசிறி உண்டு, சுற்றுவது அதன் விருப்பம்.

மறுநாள் காலை காரை விட்டுவிட்டு நௌஷாத் என்பவரின் ஓட்டோவைப் பிடித்தோம். கடற்கரை ஒழுங்கைகளில் கார் நுழையாது. நாள் முழுக்க ஆயிரம் ரூபா என்று பேசினோம். உடையாரின் கல்லறை என்றதும் அவர் தலையைச் சொறிந்தார்.

"கபுறடியெண்டா பள்ளியிலதான் விசாரிக்கணும் சேர். ஹனீபா மரைக்காரக் கேட்டா செல்லுவார்."

மரைக்கார் என்றால் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு குடியின், அதாவது குலத்தின், சார்பில் இருப்பவர். ஹனீபா புடவைக் கடை வைத்திருக்கிறார், என் வயதுதான் இருக்கும். எங்களை இருத்தி, பிளேன்டீ வரவழைத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வருத்தத்தோடு சொன்னார்:

"அந்த மையவாடி கடற்கரைப் பக்கமாத்தான் இருந்த. சுனாமியோட எல்லாம் பெய்த்து மிஸ். என்ட வாப்பாட கபுறே எங்க எண்டு எனக்குத் தெரியா."

சுகந்தியின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து படமும் இல்லை, கல்லும் இல்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று அவள் மரியாதைக்காகக் கேட்டாள்:

"உங்கட வாப்பாவும் மரைக்காராக இருந்தவரா?"

"இல்லியே. அவர் வேற குடி. எனக்கு முன்னால என்ட மாமா, உம்மாட காக்கா. எங்களுக்குக் குடி உம்மா வழியிலதானே மிஸ்."

சுகந்தி பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். இந்த வழக்கம் அவளுக்குத் தெரியாதது அல்ல. இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழியில் வரும் என்று இரண்டாம் அதிகாரத்தில் ஓர் அடிக்குறிப்பே எழுதியிருக்கிறாள். எழுதிவிட்டு, கடைசியான ஒன்பதாம் அதிகாரத்துக்குள் துரையோடு சேர்ந்து நுழையும்போது அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டாள்.

"உடையார் எந்த வீட்டில இருந்தவர்?" என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது.

"கலியாணம் முடிச்ச வீட்டுலதான். ஆம்பிள வேற எங்க இரிக்கிற?" என்றார் ஹனீபா.

அவள் என் கையைப் பிடித்து நசுக்கினாள். "அப்பா, அந்த ஆளுக்குப் பொம்பிளப் பிள்ளையள் இருந்ததா எண்டு நான் தேடவே இல்லை. துரை கேக்கயில்லை, அதால நானும் கேக்கயில்லை." பிறகு ஹனீபாவிடம் எட்டுப் பட்டைக் கிணறு என்று ஏதாவது உண்டா என்று கேட்டாள். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "ஓம், இரிக்கி. ஜெஸீமாட வளவுக்குள்ள. வளவுதான் இரிக்கி, வீடு இல்ல."

ஓட்டோவில் கடற்கரைக்குப் போன அந்த ஐந்து நிமிடமும் சுகந்தி சீட்டின் நுனியிலேயே இருந்தாள். இரயிலைப் பிடிக்கப் போகிற மாதிரி.

கடல் அன்று அமைதியாகக் கிடந்தது. தென்னைகள் நிற்கின்றன. இடையிடையே வீடுகளின் அத்திவாரம் மட்டும், ஓர் இடத்தில் மண்ணோடு பதிந்த சிவப்புச் சீமெந்துத் தரை, அதன் மேல் மணல். ஆறு வருடம் ஆகப் போகிறது, இன்னும் அப்படியே. அந்த வெளிக்கு நடுவில், இடுப்பளவு உயரத்தில், எட்டுப் பட்டையாகக் கட்டிய கிணற்றுக் கட்டு நின்றது. சுகந்தி ஓடினாள். ஐம்பத்து நாலு வயதுப் பேராசிரியை, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடியதைப் படம் எடுக்க மறந்துவிட்டேன். கட்டைச் சுற்றி வந்து, பட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். சரியாக எட்டு.

நௌஷாத் இதற்குள் ஜெஸீமாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாற்பதைத் தாண்டிய பெண். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தன் கிணற்றைத் தடவிக்கொண்டு நிற்கிற இந்தப் பைத்தியக்காரி யார் என்பது போலப் பார்த்தார். சுகந்தி விஷயத்தைச் சொன்னதும், அவர் கிணற்றுக் கட்டில் கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தார். இந்த வளவு என் உம்மா எனக்குத் தந்தது, அவவுக்கு அவட உம்மா, அவவுக்கு அவட உம்மா என்று பெயர் பெயராகப் பின்னால் போய், உடையாரின் மகளிடம் நிறுத்தினார். அந்த வரிசையில் ஓர் ஆண் கூட இல்லை. உடையாரே அதில் வெறும் மாப்பிள்ளைதான். அற்றுப்போன வம்சம் என் முன்னால் நின்று எங்களைப் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது.

"சுனாமியண்டு உம்மா இந்தக் கிணத்தடியிலதான் நிண்ட" என்றார் ஜெஸீமா. "கிணறு அசையல்ல. உம்மாவத்தான் எடுத்திட்டுப் பெய்த்து." சுகந்தி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் உப்பாகி, பல தடவை இறைத்து, இப்போதுதான் கொஞ்சம் தேறி வருகிறதாம்.

ஜெஸீமா குடும்பம் இப்போது இருப்பது ஊருக்கு உள்ளே, மேற்குப் பக்கமாக ஓர் உதவி நிறுவனம் கட்டிய வீட்டுத் திட்டத்தில். இரண்டு கிலோமீற்றர். சோறு, பாரை மீன் ஆணம் என்கிற குழம்பு, கூனி இறால் சம்பல். ருசியைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது. கணவர் லெத்தீப் மீன் மொத்த வியாபாரி, அதிகம் பேசாத மனிதர். பேச்செல்லாம் ஜெஸீமாதான். சாப்பாட்டுக்குப் பிறகுதான் அவர் நெஞ்சில் இருந்ததைக் கொட்டினார்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அந்த வீடுகளுக்கு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், கொடுக்கப் போகிறார்கள். எல்லா உறுதியும் குடும்பத் தலைவர் பெயரில். குடும்பத் தலைவர் என்றால் புருசன்.

"கடல் கொண்டு போன என்ட வீடு, மிஸ். இப்ப தாறது அவருக்காம். ஹஜ்ஜுப் பெருநாள் முடிய மூத்த மகளுக்குக் கலியாணம் வெச்சிரிக்கி. வீடு குடுக்கிறது உம்மா. என்ட கையில இல்லாத வீட்ட நான் எப்படிக் குடுக்கிற?"

"நான் என்ன விக்கவா போறன்?" என்றார் லெத்தீப் மெதுவாக.

"நீங்க விக்கமாட்டீங்க. நீங்க கண்ண மூடி மௌத்தானா? ஆம்பிளப் பிள்ளையும் இல்ல, உங்கட தம்பிமாரும் பங்குக்கு வருவாங்க."

அவர் எழுந்து போய் முற்றத்துக் குழாயில் நிறைய நேரம் கை கழுவினார்.

அறைக்குத் திரும்பியும் சுகந்தி படுக்கவில்லை, உட்காரவும் இல்லை. "பார்த்தீங்களா, துரை போய்ட்டான், அவன்ட கேள்வி போகயில்லை" என்று சுவருக்குச் சொன்னாள். பிறகு பையிலிருந்த பிரதிகளைக் கட்டிலில் பரப்பினாள். ஒரு பக்கத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். உடையாருக்குச் சொந்த வீடே கிடையாது, பெண்டாட்டியின் வீட்டில் ஒட்டிக்கொண்டு இருக்கிறார் என்று துரை கிண்டலாக எழுதியிருந்த இடம் அது. அதைச் சுதேசியைப் பார்த்த ஏளனம் என்று மட்டும் இவ்வளவு காலம் வாசித்திருந்தாள். ஊர் வழக்கத்துக்கு அரசாங்கமே எழுதி வைத்த சாட்சியாக இப்போது அது அவள் கையில் இருந்தது. அன்று பின்னேரமே உட்கார்ந்து, அந்தக் கிண்டலையும் கிணற்றையும் சேர்த்து, இந்தக் கரையில் வீடு யாருடையது என்று ஒரு பக்கம் எழுதினாள். நான் அறிந்த வரையில் அவள் ஒரு பக்கத்தோடு நிறுத்திய ஒரே எழுத்து அதுதான்.

மறுநாள் விழா. எந்த மண்டபம், எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. யாரையும் மாட்டிவிட எனக்கு ஆசை இல்லை. பலூன், பூமாலை, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. முன்வரிசைகளில் ஆண்கள், பின்வரிசைகளில் பெண்கள். பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் காரைதீவைச் சேர்ந்த ஓர் இளம் தமிழ்ப் பெண் உத்தியோகத்தர். ஒவ்வொருவராக மேடைக்குப் போய், உறுதியை வாங்கி, படத்துக்கு நின்று, இறங்கினார்கள்.

லெத்தீப்பின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தார்.

"ஆள் வரயில்லையா?" என்றார் உத்தியோகத்தர்.

"ஆள் இரிக்கி" என்றார் லெத்தீப், இருந்த இடத்திலிருந்தே. "வீடு என்டதில்ல. நான் ஒரு பெட்டியோட அவட வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவன். தலைவரெண்டு என்ட பேரப் போட்டா ஊர் சிரிக்கும்."

மண்டபமே சிரித்தது. பின்வரிசைகளில் பேச்சுச் சத்தம் எழுந்தது. பிரதம விருந்தினர் மாலையைச் சரிசெய்துகொண்டு உத்தியோகத்தரைப் பார்த்தார். அந்தப் பெண் மேடையை விட்டு இறங்கி வந்தார். அதற்குள் ஜெஸீமாவும் வந்துவிட்டார், பின்னால் சுகந்தி, அவள் பின்னால் நான்.

"படிவம் அப்படித்தான் அம்மா வந்திருக்கு. நான் என்ன செய்ய?" என்றார் உத்தியோகத்தர்.

"நீங்க காரைதீவுதானே, மிஸ்? நீங்க இருக்கிற வீடு ஆர்ட?" என்று கேட்டார் ஜெஸீமா.

அந்தப் பெண் கையிலிருந்த பட்டியலை மடித்தார். "அம்மா தந்தது" என்றார் பிறகு.

"ஆர்ட பேர்ல?"

"என்ட பேர்லதான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். சுகந்தி தன் ஒரு பக்கத்தைக் கொடுத்தாள். அவர் நின்றபடியே முழுவதும் வாசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இண்டைக்குக் கையில வாங்கினா மாத்தேலாது. வாங்காம விட்டா இதையும் வச்சு மேல எழுதி அனுப்பிறன். ஆனா வருமெண்டு நான் வாக்குத் தரமாட்டன். யோசிச்சுச் சொல்லுங்கோ."

ஜெஸீமா புருசனைப் பார்த்தார். கலியாணத்துக்கு நாலைந்து மாதம்தான் இருந்தது. ஒன்றும் வராமலே போனால் மகளுக்கு வீடும் இல்லை, கலியாணமும் இல்லை. "உனக்குச் சரியெண்டா எனக்குச் சரி" என்றார் லெத்தீப். வெறுங்கையோடு அந்த இருவரும் மண்டபத்தை விட்டு வெளியே போனார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்க முயற்சிக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஜூலையில் வெயில் கொளுத்தும், குடையும் தண்ணீரும் அவசியம். நோன்பு மாதத்தில் போனால் பகலில் சாப்பாட்டுக் கடை திறந்திருக்காது. வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் மூடியிருக்கும். பெற்றோலுக்குப் போக வர நாலாயிரத்துச் சொச்சம் முடிந்தது. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் தெற்கே சாகாமம் குளம் வரை போய் வாருங்கள், நாங்கள் போகவில்லை, சுகந்திக்குத் திரும்பி வந்து எழுதுகிற அவசரம். கடற்கரையில் வெறும் அத்திவாரங்களின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வீடு. ஊருக்குள் ஒரு குடும்பத்தைத் தேடுகிறீர்கள் என்றால் அவர் யாருடைய மகன் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். எந்த வீட்டில் கலியாணம் முடித்தார் என்று கேளுங்கள்.

இந்தப் பதிவை இரண்டு மாதமாக எழுதாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. முந்தாநாள் ஜெஸீமா தொலைபேசியில் வந்தார். உறுதி வந்துவிட்டது. எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினார், நாங்கள் இருவரும் ஒரே தொலைபேசியில் காதை வைத்துக் கேட்டோம். வாசித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்:

"என்ட பேர்தான் மிஸ். ஆனா முன்னுக்கு வாப்பாட பேரப் போட்டு வெச்சிரிக்காங்க. உம்மாட பேர் எங்கயும் இல்ல."

சுகந்தி நிறைய நேரம் சிரித்தாள். பிறகு, "உங்கட உம்மாட பேரைச் சொல்லுங்கோ" என்றாள். அவட உம்மாவின் பெயரையும், அவட உம்மாவின் பெயரையும் கேட்டாள். கேட்கக் கேட்க, அந்தக் கடைசி அதிகாரத்தின் கடைசிப் பக்கம் முழுவதையும் கோடு போட்டு வெட்டிவிட்டு, அதன் ஓரத்தில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனாள்.